ரோம்ஸ் மாடலின் திறந்த எல்லைகள்: வங்காள விரிகுடாவில் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட்டாரக் கடல் மாடல் ஓட்ட வேண்டும், மென்பொருளுக்குச் செலவு செய்யப் பணமில்லை, கையில் சுமாரான ஒரு கிளஸ்டர் இருக்கிறது என்றால் தயங்காமல் ரோம்ஸை எடுங்கள், கடலின் ஒரு பகுதியை மட்டும் கணினியில் ஓட்டிப் பார்க்கும் இலவச மாடல் அது. திறந்த எல்லைக்கு, அதாவது கரையில்லாத விளிம்புக்கு, அதில் இருக்கும் வசதிகள் அருமையானவை. ஆனால் நாம் எல்லையில் கொடுக்கும் தரவு சரியா தப்பா என்று அது ஒரு வார்த்தை கேட்காது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடும், ஒருநாள் ப்ளோ-அப் ஆகி, அதாவது எண்கள் கட்டுமீறி வெடித்து, நிற்கும், அல்லது அதைவிட மோசமாக, நிற்காமல் தப்பான கடலை அழகாக வரைந்துகொண்டே போகும். அதனால் என் மதிப்பெண் 5-க்கு 4. குறைந்த அந்த ஒன்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் எல்லையில் சிக்கல் வந்ததும் எல்லோரும் எல்லை நிபந்தனையை (விளிம்பில் நீர் எப்படி நடக்க வேண்டும் என்ற விதியை) மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள், கோளாறு பெரும்பாலும் தரவில்தான் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வரி. உலகக் கடல் முழுவதையும் நுணுக்கமான கிரிட்டில், அதாவது சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஓட்ட முடியாது, அதனால் ஒரு துண்டை வெட்டி எடுக்கிறோம். வெட்டிய விளிம்பில் கரை இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. உள்ளே உருவாகும் அலை அந்த விளிம்பைத் தாண்டிப் போய்விட வேண்டும், மோதித் திரும்பக் கூடாது. அதே விளிம்பு வழியாக வெளியிலிருந்து வர வேண்டிய நீரோட்டமும் ஓதமும் (கடலின் ஏற்ற வற்றம்) வெப்பமும் உப்பும் உள்ளே வர வேண்டும். மாடல் தீர்க்கும் சமன்பாடுகளுக்கு எல்லையில் புள்ளி புள்ளியாக விதிக்கும் எந்த நிபந்தனையும் கணிதப்படி முழுதாகச் சரிவராது என்று ஆலிகரும் சுண்ட்ஸ்ட்ரோமும் 1978-லேயே காட்டிவிட்டார்கள். ஆக, இங்கே எல்லாமே சமரசம்தான், எந்தச் சமரசம் எங்கே தாங்கும் என்பதுதான் கேள்வி.

நான் பேசுவது வங்காள விரிகுடா அமைப்பைப் பற்றி. தெற்கு எல்லை 5 டிகிரி வடக்கில், இலங்கைக்குக் கீழே. அந்தக் கோடு சுமத்ராவின் மேற்குக் கரையில் போய் முட்டும், தீவைத் தாண்டினால் மலாக்கா நீரிணையையும் வெட்டும். மேற்கு எல்லை 79 டிகிரி கிழக்கில், மன்னார் வளைகுடாவின் குறுக்கே. ஆக ஆழ்கடல், கரைச்சரிவு, ஆழமில்லாத நீரிணை எல்லாம் ஒரே மாடலின் விளிம்பில் வந்துவிடுகின்றன. எல்லை நிபந்தனைகளைச் சோதிக்க இதைவிடக் கடினமான இடம் கிடைப்பது அபூர்வம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனமும் கடல் முன்னறிவிப்புக்கு ரோம்ஸைத்தான் பயன்படுத்துகிறது, அதனால் நம் பக்கத்துக் கடலுக்கு இது புதிய கருவியும் இல்லை.

வசதிகளுக்கு வருவோம். கடல்மட்டம், ஆழச்சராசரி வேகம், முப்பரிமாண வேகம், வெப்பநிலை, உப்பு என்று ஒவ்வொரு மாறிக்கும், நான்கு பக்கத்துக்கும் தனித்தனியாக நிபந்தனை வைக்கலாம். கடல்மட்டத்துக்குச் சாப்மன் (மட்ட அலையை வெளியே விடுவது), ஆழச்சராசரி வேகத்துக்குப் பிளேதர் (உள், வெளி மட்ட வித்தியாசத்தை வைத்து வேகத்தைத் திருத்துவது), மற்றதுக்கெல்லாம் ரேடியேஷனோடு (உள்ளே எழுவதை வெளியே விடுவது) நட்ஜிங் (வெளித் தரவை நோக்கி மெல்ல இழுப்பது). பெரும்பாலானோர் தொடங்கும் சேர்மானம் இதுதான், நானும் இதையே சொல்வேன். பிளேதர் 1976-ல் வட மேற்கு ஐரோப்பியக் கரைத்திட்டின் ஓதத்துக்காக எழுதியது இன்றுவரை தாக்குப்பிடிக்கிறது. ரேடியேஷனையும் நட்ஜிங்கையும் இணைத்து நீண்டகால ஓட்டத்துக்குத் தோதாக்கியவர்கள் மார்ஷசியெல்லோ, மெக்வில்லியம்ஸ், ஷெப்பெட்கின், 2001-ல்.

உள்ளீட்டு ஃபைலில் பக்கங்களின் வரிசை மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு. வேறு மாடலிலிருந்து வருகிறவர்கள் வடக்கு, தெற்கு என்று கைப்பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். நல்ல வேளையாக, ஓட்டம் தொடங்கும்போதே எந்த மாறிக்கு எந்தப் பக்கம் என்ன நிபந்தனை என்று ரோம்ஸ் ஒரு அட்டவணை அச்சிடுகிறது. அதை ஒருமுறை விரல் வைத்துப் படியுங்கள்.

இந்த மாடலில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் திரையில் ஓடும் இரண்டு வரிகள். மேல் வரியில் தேதி, இயக்க ஆற்றல், நிலை ஆற்றல், மொத்த ஆற்றல், மொத்த நீர்ப் பருமன். கீழ் வரியில் அடைப்புக்குறிக்குள் மூன்று எண்கள், பிறகு மூன்று கூராண்ட் எண்கள் (ஒரு டைம்ஸ்டெப்பில் நீர் எத்தனை கட்டம் நகர்கிறது என்பது), கடைசியில் அதிகபட்ச வேகம். அடைப்புக்குறிக்குள் இருப்பது கூராண்ட் எண் எந்தக் கட்டத்தில் உச்சத்தில் இருக்கிறது என்ற முகவரி. வேகம் வினாடிக்கு 20 மீட்டரைத் தாண்டினால் ப்ளோ-அப் என்று நிறுத்திவிடும், ஆனால் அதற்கு வெகு முன்பே அந்த முகவரி கதையைச் சொல்லத் தொடங்கிவிடும். நூறு ஸ்டெப்பாக அது கிரிட் முழுக்க அங்கும் இங்கும் அலைந்துகொண்டிருந்தால் கவலையில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு வேகம் மெல்ல ஏறினால் அங்கேதான் நோய். இடம் விளிம்பிலிருந்து நாலைந்து கட்டத்துக்குள் இருந்து, மூன்றாவது எண் 1 என்றால், அதாவது தரையை ஒட்டிய அடுக்கு என்றால், கடலடி ஆழம் எல்லைத் தரவோடு பொருந்தவில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். விளிம்பை விட்டுத் தள்ளி, அந்தமான் தொடரின் செங்குத்தான சரிவில் என்றால் அது எல்லைப் பிரச்சினையே இல்லை. ஆழம் போதிய அளவு மென்மையாக்கப்படாததால் வரும் அழுத்தச் சாய்வுப் பிழை, அதாவது சரிவில் அழுத்த வித்தியாசத்தைத் தப்பாகக் கணக்கிட்டு இல்லாத நீரோட்டத்தை உண்டாக்குவது. இந்த இரண்டையும் பிரிக்காமல் எல்லை நிபந்தனையோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

இன்னொரு சோதனை, செலவே இல்லாதது. டைம்ஸ்டெப்பைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். ப்ளோ-அப் மறைந்தால் அது ஸ்டெப் நீளத்தின் பிரச்சினை. பாதியாக்கிய பிறகும் அதே தேதியில், கிட்டத்தட்ட அதே மணியில் விழுந்தால், எல்லைத் தரவு இருக்கும் பவுண்டரி ஃபைலில் அந்தத் தேதிக்கான பதிவைத் திறந்து பாருங்கள். தரவு இல்லாத கட்டங்களுக்குப் போட்டிருக்கும் நிரப்பு எண், கரையை ஒட்டி இடைக்கணிப்பு செய்யும்போது கசிந்து உள்ளே வந்திருக்கும். முழு எண்ணாகச் சுருக்கி வைத்த தரவை விரிக்கும்போது இது சர்வ சாதாரணம். குறைந்தபட்சமும் அதிகபட்சமும் மட்டும் ஒவ்வொரு பதிவுக்கும் அச்சிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்: வங்காள விரிகுடாவின் தென் எல்லையில் உப்பு 12 என்று வந்தால் அது ஆற்று நீர் இல்லை. இதை ரோம்ஸ் தானாகவே பார்த்து எச்சரிக்கலாம். செய்வதில்லை. மார்க் குறைந்ததற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் நீர்ப் பருமன். இதைக் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் மனதில் நிற்கும். எல்லை வழியாக உள்ளே வருவதும் வெளியே போவதும் வினாடிக்கு ஒரு லட்சம் கன மீட்டர் அளவுக்குப் பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பரப்பு சுமார் 22 லட்சம் சதுர கிலோமீட்டர். வேகத்தையும் மட்டத்தையும் அப்படியே இறுக்கிக் கட்டியிருந்தால் கடல்மட்டம் நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் ஏறும், மாதத்துக்கு 12 சென்டிமீட்டர். ஆனால் அந்த ஒரு லட்சத்தைச் சுமார் 1,800 கிலோமீட்டர் நீளமும் 3,500 மீட்டர் ஆழமும் கொண்ட தென் எல்லையின் மேல் பரப்பிப் பாருங்கள், வினாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. எந்த வேகப் படத்திலும் கண்ணுக்குத் தெரியாத பிழை மட்டத்தில் இவ்வளவு செய்கிறது.

பிளேதரின் பெருமை இங்கேதான் புரியும். உள்மட்டம் வெளிமட்டத்தைவிட உயர்ந்த உடனே அது தண்ணீரை வெளியே தள்ளும், அதே ஒரு லட்சத்தைச் சரிக்கட்ட மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மட்ட வித்தியாசமே போதும். ஆழ்கடல் எல்லையில் அது தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்கிறது. ஆனால் அதே பலம் மறுபக்கமும் அடிக்கும். மாடலின் தொடக்க மட்டத்தைச் சுழியம் என்று வைத்துவிட்டு, எல்லையில் மட்டும் மறுபகுப்பாய்வின் (அளவீடுகளோடு பொருத்தி ஓட்டிய உலக மாடலின்) மட்டத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? பத்தே சென்டிமீட்டர் வித்தியாசம், அந்த ஆழத்தில் வினாடிக்கு அரை சென்டிமீட்டர் வேகமாக மாறுகிறது, எல்லை முழுவதும் சேர்த்தால் வினாடிக்கு மூன்று கோடி கன மீட்டருக்கும் மேல். முதல் சில மணி நேரத்திலேயே பெரிய அலை ஒன்று மணிக்கு 650 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் விரிகுடாவைக் கடந்து தலைப்பகுதியின் ஆழமில்லாத நீரில் போய் மோதும். தொடக்க மட்டமும் எல்லை மட்டமும் ஒரே மூலத்திலிருந்து, ஒரே குறிமட்டத்தில் வர வேண்டும், அவ்வளவுதான் மருந்து. செயற்கைக்கோள் மட்ட விலகலை ஒன்றிலும் மாடல் மட்டத்தை இன்னொன்றிலும் கலக்கவே கலக்காதீர்கள்.

மொத்தப் பருமனைக் கட்டாயமாகச் சமன்படுத்தும் ஒரு சுவிட்சும் ரோம்ஸில் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். ஓதம் ஓட்டுகிறீர்கள் என்றால் அதை அணைத்தே வையுங்கள். ஏற்றத்தின்போது விரிகுடாவுக்குள் தண்ணீர் உண்மையாகவே கூட வேண்டும், வற்றும்போது குறைய வேண்டும், அந்தச் சுவிட்ச் இதைத்தான் தடுக்கும்.

ஆழச்சராசரி வேகத்தைப் பற்றி ஒரு சொல். எல்லைத் தரவைத் தரும் மூல மாடலின் ஆழச்சராசரியைத் தனியாக எடுத்து வந்து ஒட்டாதீர்கள். முதலில் முப்பரிமாண வேகத்தை உங்கள் மாடலின் அடுக்குகளுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு உங்கள் அடுக்கின் தடிமனையே எடையாக வைத்துச் சராசரி எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ரோம்ஸ் முப்பரிமாண வேகத்தை ஆழம் முழுக்க ஒரே அளவு நகர்த்திச் சரிக்கட்டும், ஆயிரம் மீட்டர் ஆழத்தில் இல்லாத நீரோட்டம் ஒன்று முளைக்கும். அடுக்குகளை வரையறுக்கும் அளபுருக்களும் பவுண்டரி ஃபைலிலும் உள்ளீட்டு ஃபைலிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

கடலடி ஆழத்துக்கும் இதே நியாயம்தான். நம் கிரிட்டுக்கு கெப்கோ என்ற உலகக் கடலடி ஆழத் தரவிலிருந்து நுணுக்கமான ஆழத்தை எடுக்கிறோம், எல்லைத் தரவு வேறொரு ஆழத்தை நம்பி ஓடியது. அங்கே 600 மீட்டர், நம்மிடம் 900 மீட்டர் என்றால் அந்த 300 மீட்டருக்கு வேகத்தையும் வெப்பத்தையும் நாமே இட்டுக்கட்டுகிறோம். விளிம்பிலிருந்து பத்துக் கட்டம் போல, மூல மாடலின் ஆழத்திலிருந்து நம் ஆழத்துக்குப் படிப்படியாக மாற்றிக்கொண்டு வாருங்கள். சுமத்ராவின் மேற்குச் சரிவில் எல்லை முட்டும் இடத்தில் இதைச் செய்வதற்கு முன்னும் பின்னும் அடியடுக்கு வேகத்தை வரைந்து பாருங்கள், வேறு விளக்கமே தேவைப்படாது.

நட்ஜிங் எண்களில் ஒரு பொறி இருக்கிறது, ஆவணத்தில் எழுதியிருந்தும் பலர் விழுகிறார்கள். நட்ஜிங் காலம் நாள் கணக்கில் கொடுக்க வேண்டும், அது தண்ணீர் வெளியேறும்போது பயன்படும் காலம். உள்ளே வரும்போது அது எத்தனை மடங்கு இறுக வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு பெருக்கி. 360 நாளும் 120 பெருக்கியும் கொடுத்தால் உள்ளே வரும் நீருக்கு 3 நாள். நல்ல தொடக்கம். ஆனால் முதல் எண்ணை உள்வரவுக்கானது என்று நினைத்து 1 நாள் கொடுத்து, பெருக்கியை 120-லேயே விட்டால் உள்வரவுக் காலம் 12 நிமிடம்! பெயருக்குத்தான் ரேடியேஷன், நடைமுறையில் சுவர். அதன் அடையாளம் எளிது: விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று கட்ட அகலத்தில் உப்பில் ஒரு கோடு, அதை ஒட்டியே ஓடும் ஒரு போலி நீரோட்டம்.

வங்காள விரிகுடாவில் இதை நவம்பர், டிசம்பரில் பாருங்கள். கிழக்கிந்தியக் கரையோர நீரோட்டம் அப்போது தெற்கு நோக்கி ஓடும், கங்கை, பிரம்மபுத்திரா எல்லாம் கொட்டிய உப்புக் குறைந்த நீரைத் தமிழகக் கரையை ஒட்டி இறக்கி, இலங்கையைச் சுற்றி வெளியே கொண்டுபோகும். வெளியேறும் எல்லை இறுக்கமாக இருந்தால் அந்த நன்னீர் இலங்கையின் தென்கிழக்கில் தேங்கி, மேலடுக்கு மெலிந்து, வெப்பமும் தப்பாகும். மார்ச், ஏப்ரலில் அதே நீரோட்டம் வடக்கே ஓடுவதால் பிரச்சினை மறைந்துபோகும். ஒரு பருவத்தை மட்டும் ஓட்டிப் பார்த்து எல்லை நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுப்பது இந்தக் கடலில் செல்லாது. ஒரு முழு வருடமாவது ஓட்டுங்கள்.

ஸ்பாஞ்சுக்கும் ஊர் நியாயம் உண்டு. விளிம்பருகே பாகுநிலையைக் கூட்டி இரைச்சலை அடக்குவது நல்ல பழக்கம்தான், ஆனால் நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் பூசிவிடாதீர்கள். நிலநடுக்கோட்டில் கிளம்பும் கெல்வின் அலை சுமத்ராவில் மோதி, ஒரு பகுதி கரையைப் பிடித்துக்கொண்டே வடக்கே ஏறி, விரிகுடாவின் விளிம்பு முழுவதையும் சுற்றி வருகிறது. நம் கரையில் பருவத்துக்குப் பருவம் கடல்மட்டம் ஏறி இறங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. அந்த அலை நுழையும் இடமே தென் எல்லையின் கிழக்கு மூலை. அங்கே பதினைந்து கட்டத்துக்கு ஸ்பாஞ்ச் வைத்தால் அலை வாசலிலேயே செத்துவிடும், பிறகு சென்னையில் மட்டம் ஏன் பொருந்தவில்லை என்று காற்றுத் தரவைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். ஸ்பாஞ்ச் கெழுக்களைக் கட்டம் கட்டமாக ஒரு ஃபைலில் கொடுக்க ரோம்ஸ் விடுகிறது, ஆகவே அந்த மூலையில் மெலிதாக்குவது கடினமே இல்லை.

எல்லைத் தரவுக்கு நான் பரிந்துரைப்பது ஐரோப்பியக் கடல் தரவுச் சேவையான கோப்பர்நிக்கஸ் மரைன் தரும் குளோரிஸ்12 மறுபகுப்பாய்வு. பன்னிரண்டில் ஒரு டிகிரி, 50 அடுக்கு, 1993-லிருந்து, பதிவு செய்தால் இலவசம். அவர்களுடைய பைதான் கருவியில் பரப்பு, ஆழம், தேதி கொடுத்தால் வேண்டிய துண்டு மட்டும் இறங்கும், இணைய வேகம் குறைந்த இடங்களில் இது பெரிய உபகாரம். தினச் சராசரிதான் கிடைக்கும், அந்தச் சராசரி நண்பகலுக்கு உரியது என்பதை நினைவில் வைத்து நேர முத்திரையைச் சரிபாருங்கள். ஓதம் அதில் இல்லை. அதற்கு ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டிபிஎக்ஸ்ஓ என்ற உலக ஓத மாடல்.

டிபிஎக்ஸ்ஓவிலிருந்து எடுக்கும்போது வேகத்தை எடுக்காதீர்கள், நீர்ப் பாய்வை எடுத்து உங்கள் ஆழத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், ஏன் என்பது மேலே ஆழத்தைப் பற்றிச் சொன்னதிலேயே இருக்கிறது. ஓதத்தை மெல்ல ஏற்றும் விருப்பத்தை இயக்குங்கள். ஓதம் ஏறி வற்றும் நேரம் பொருந்தவில்லை என்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நிலவால் வரும் முக்கிய ஓதமான எம்2-ன் காலம் 12.42 மணி, ஒரு முழுச் சுற்று 360 டிகிரி என்பதால் ஒரு மணி நேரம் தவறினால் 29 டிகிரி தவறும். கரையில் அளந்த பதிவு இந்திய நேரத்தில், மாடல் கிரீன்விச் நேரத்தில் என்றால் ஐந்தரை மணிக்கு 159 டிகிரி, கிட்டத்தட்ட ஏற்றம் வற்றமாகத் தெரியும். எல்லை நிபந்தனையில் எதையும் தொடாமலே சரியாகிவிடுகிற கோளாறு இது.

மற்ற மாடல்களோடு ஒப்பிட்டால், எம்ஐடிஜிசிஎம்மிலும் எல்லைப் பாய்வைச் சமன்படுத்த ஒற்றை விருப்பம் இருக்கிறது, ஓதம் இல்லாத ஓட்டங்களுக்கு அது வசதி. நீமோவில் எல்லைப் பகுதியில் தளர்த்திப் பொருத்தும் முறை தடாலடி மாற்றங்களை நன்றாகத் தாங்கும். ரோம்ஸின் உறவான குரோகோவில் தரவு தயாரிக்கும் கருவிகள் கூடவே வருவதால் தொடக்கக்காரருக்கு வேகம் கிடைக்கும். ஆனால் மாறிக்கு மாறி, பக்கத்துக்குப் பக்கம் விருப்பம் வைக்கும் சுதந்திரத்துக்கும் அந்த இரண்டு வரித் திரைச் செய்திக்கும் நான் ரோம்ஸிலேயே இருக்கிறேன்.

புதிய அமைப்பு ஒன்றைக் கட்டினால் எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்க வேண்டாம். முதலில் நான்கு பக்கமும் மூடி, காற்று இல்லாமல், ஆழத்தோடு மட்டும் மாறி, கிடைமட்டத்தில் இடத்துக்கு இடம் மாறாத அடர்த்தியோடு ஓட்டுங்கள். அப்போதும் நீரோட்டம் தெரிந்தால் அது அழுத்தச் சாய்வுப் பிழை, எல்லைக்குச் சம்பந்தமில்லை. அப்புறம் ஓதம் மட்டும். அப்புறம் எல்லைத் தரவு, காற்று இன்னும் வேண்டாம். கடைசியில் காற்றும் ஆறுகளும். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் எது உடைந்தாலும் எந்தப் படியில் உடைந்தது என்று தெரியும், ஆய்வுக் காலத்தில் மாதங்களைத் தின்னும் குழப்பம் பாதியாகக் குறையும். இந்தச் சோதனைகளை ஒரே கட்டளையில் ஓட்டி, பவுண்டரி ஃபைலின் பாய்வு, ஆழம், நிரப்பு எண், நேர முத்திரை நான்கையும் பார்த்து எச்சரிக்கும் ஒரு முன்சோதனை ரோம்ஸோடு சேர்ந்தே வர வேண்டும். அது வந்த அன்று மீதி ஒரு மார்க்கையும் கொடுத்துவிடுவேன்.